கம்யூனிட்டி காலேஜ் சமையலறை முடிந்தது, அடுத்து எந்தப் பட்டம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள். கையில் மதிப்பெண் பட்டியல், கை மணிக்கட்டில் அடுப்புச் சூட்டுத் தழும்பு. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு ஆண்டு அரசுக் கல்லூரியில், சமையல் கலை படிக்கிறாள். மூன்றாவது செமஸ்டர் முடியப் போகிறது.

"மாமா, நாலு வருஷப் பட்டத்துக்கு மாறணும். சமையலிலேயே பட்டம் வாங்கவா, இல்ல ஹோட்டல் மேனேஜ்மென்ட் பக்கம் போகவா? அம்மா ரெண்டும் வேண்டாம், நியூட்ரிஷன் படிங்கிறாங்க" என்றாள்.

இதே வழியில் நானும் போனவன். பகலில் உணவகத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு மாலையில் கம்யூனிட்டி காலேஜில் படித்தேன். அப்புறம் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். மாறும்போது 14 யூனிட் (படித்த பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பலகு) வீணாகப் போயின. சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை, கேட்க வேண்டிய நானும் கேட்கவில்லை. அந்த ஒரு செமஸ்டர் உழைப்பு இன்றும் மனதில் உறுத்துகிறது. அதனால் அவளுக்காக உட்கார்ந்து போட்ட கணக்கை இங்கே முழுதாக எழுதுகிறேன். இதே இடத்தில் நிற்கும் பிள்ளைகளும் பெற்றோர்களும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகங்களின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் கையில் இருக்கும் யூனிட்டுகளைப் பிரித்து எண்ண வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், யூனிட்டும் அப்படித்தான். அவளிடம் 45 யூனிட் இருந்தன. அதில் 33 சமையலறை வகுப்புகள்: கத்தி வேலை, ஸ்டாக், சாஸ், பேக்கரி, இறைச்சி வெட்டுதல், கல்லூரி உணவகத்தில் லைனில் (அடுப்பு வரிசையில்) நின்று பரிமாறியது. மீதி 12 தான் ஆங்கிலம், ஊட்டச்சத்து, இன்னும் இரண்டு பொதுப் பாடங்கள். வேலைக்குப் போக அந்த 33 யூனிட்டும் தங்கம். பட்டத்துக்கு மாறும்போது அதில் பாதிக்கு மேல் 'விருப்பப் பாடம்' என்று ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். சில வகுப்புகள் கணக்கிலேயே வராது.

இரண்டு ஆண்டுப் பட்டங்களில் இரண்டு வகை இருப்பதுதான் இதற்குக் காரணம். ஒன்று வேலைக்கென்று வடிவமைத்தது. நியூயார்க், இல்லினாய்ஸ் போன்ற மாநிலங்களில் அதை ஏ.ஏ.எஸ். என்பார்கள். இன்னொன்று மாறிப் போவதற்கென்றே வடிவமைத்தது. கலிஃபோர்னியாவில் சமையல் கலைப் பட்டத்துக்கும் வெறும் ஏ.எஸ். என்றுதான் பெயர் இருக்கும். மாறுவதற்கான பட்டமாக இருந்தால் பெயரின் கடைசியில் 'டி' என்ற எழுத்து ஒட்டியிருக்கும். இந்த ஒரு எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. 2010-ல் வந்த மாநிலச் சட்டப்படி, 'டி' பட்டத்தை 60 யூனிட்டில் முடித்தவருக்கு கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்கள் எனப்படும் சிஎஸ்யூ வளாகங்கள் ஒன்றில் இடம் உறுதி. ஒத்த பாடப்பிரிவில் சேர்ந்தால் இன்னொரு 60 யூனிட்டில் பட்டம் கையில். ஹாஸ்பிட்டாலிட்டி மேனேஜ்மென்ட்டுக்கு அப்படி ஒரு 'டி' பட்டம் இருக்கிறது. சமையல் கலைக்கென்று தனியாக இல்லை. எத்தனையோ பிள்ளைகள் இது தெரியாமலே நான்கு செமஸ்டரையும் அடுப்படியிலேயே முடித்துவிடுகிறார்கள்.

இதோடு இரண்டு விதிகளையும் நினைவில் வைக்க வேண்டும். கம்யூனிட்டி காலேஜிலிருந்து எத்தனை யூனிட் கொண்டுபோனாலும் சிஎஸ்யூ 70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் கணக்கில் சேர்க்காது. அப்புறம், எழுத்து, பேச்சு, தர்க்கச் சிந்தனை, கணிதம் ஆகிய நான்கு பாடங்களையும் சி மைனஸுக்குக் குறையாமல் முடித்திருக்க வேண்டும். எங்கள் பெண்ணிடம் எழுத்து மட்டும்தான் இருந்தது. புள்ளியியலைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறாள். சமையலறைப் பிள்ளைகள் எல்லோரும் செய்வது இதுதான், நானும் செய்தேன்.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

முதலில் அவள் மனதில் இருந்தது தனியார் சமையல் பல்கலைக்கழகம். அமெரிக்காவில் இதில் இரண்டு பெரிய பெயர்கள். ஒன்று தி கலினரி இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க 1946-ல் கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் தொடங்கியது. இன்று நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் ஹைட் பார்க்கில், ஒரு காலத்தில் ஏசு சபைத் துறவிகள் பயின்ற கட்டடத்தில் இயங்குகிறது. கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கிலும் டெக்சஸின் சான் அன்டோனியோவிலும் வளாகங்கள் உண்டு. இன்னொன்று ரோட் ஐலண்டின் ப்ராவிடன்ஸில் இருக்கும் ஜான்சன் அண்ட் வேல்ஸ். கெர்ட்ரூட் ஜான்சன், மேரி வேல்ஸ் என்ற இரண்டு பெண்கள் 1914-ல் தொடங்கிய வணிகப் பள்ளி அது. சமையல் படிப்பு 1973-ல்தான் வந்தது.

இரண்டும் நல்ல பள்ளிகள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே படித்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன். லைனில் அவர்கள் நிற்கும் ஒழுங்கே வேறு. பழைய மாணவர்களின் தொடர்பு நாடு முழுக்க இருப்பதால், புதிய ஊரில் வேலை தேடும்போது ஒரு தொலைபேசி அழைப்பில் கதவு திறக்கும். சமையலறை யூனிட்டுகளை மதிக்கத் தெரிந்த இடங்களும் இவைதான். சிஎஸ்யூ ஓரமாக ஒதுக்கும் சாஸ் வகுப்பை இங்கே சாஸ் வகுப்பாகவே பார்ப்பார்கள். அவள் அங்கே மாறினால் இரண்டு, இரண்டரை ஆண்டில் பட்டம் வாங்கிவிடலாம்.

ஆனால் விலை கையைக் கடிக்கிறது. கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டும். தங்கும் செலவு தனி. அறிவிக்கும் கட்டணத்தைப் பலரும் முழுதாகக் கட்டுவதில்லை, பள்ளியே உதவித்தொகை கொடுக்கும் என்பதும் உண்மை. ஆகவே பள்ளியின் இணையதளத்தில் இருக்கும் நிகர விலைக் கணிப்பானில் குடும்ப வருமானத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். போட்டுப் பார்த்தோம். கணிசமாகக் குறைந்தது, ஆனால் போதுமான அளவு குறையவில்லை. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் மத்திய அரசு கொடுக்கும் நேரடிக் கடன் ஆண்டுக்கு 7,500 டாலர்தான். மீதி பெற்றோர் பெயரில் வாங்கும் ப்ளஸ் கடன், அல்லது தனியார் கடன். ப்ளஸ் கடனுக்கும் 2025-ல் வந்த சட்டம் வரம்பு போட்டுவிட்டது. 2026 ஜூலையிலிருந்து புதிதாக வாங்குபவர்களுக்குப் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டில் 20,000, மொத்தம் 65,000 டாலர். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியார் வட்டிதான்.

மொத்தமாக 60,000 டாலர் கடன் என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத வட்டி, பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 700 டாலர் கட்ட வேண்டும். படிப்பு முடித்ததும் லைன் குக் வேலை, மணிக்கு 22 டாலர், வாரம் 40 மணி நேரம் என்றால் வரி பிடிக்கும் முன் மாதம் சுமார் 3,800. வளைகுடாப் பகுதி வாடகையைக் கட்டிவிட்டு அந்த 700-ஐ எங்கிருந்து எடுப்பது? இதே மாநிலத்தில் பெரிய துரித உணவுச் சங்கிலிகளில் வேலை செய்பவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 20 டாலர். நாலு வருஷப் பட்டத்துக்கும் அதற்கும் நடுவே முதல் நாளில் இருப்பது இரண்டே டாலர் என்று பெண்ணிடம் சொன்னபோது அவள் முகம் வாடிப்போனது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் தெரிய வேண்டியது இது.

தனியார் பள்ளி என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பள்ளி நிலைத்து நிற்குமா? கடந்த பத்தாண்டுகளில் இங்கே மூடிய சமையல் பள்ளிகள் கொஞ்சமல்ல. பிரான்ஸின் பெயரைத் தாங்கி அமெரிக்காவில் நடந்த லெ கோர்டான் ப்ளூ கல்லூரிகள் 2017-ல் மூடின. வெர்மான்ட்டின் நியூ இங்கிலாந்து கலினரி இன்ஸ்டிட்யூட் 2021-ல். ஆர்ட் இன்ஸ்டிட்யூட்ஸ் 2023 செப்டம்பரில், வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்குச் சில நாள் அவகாசமே கொடுத்து மூடியது. ஜான்சன் அண்ட் வேல்ஸே டென்வர், வட மயாமி வளாகங்களை 2021-ல் மூடிவிட்டு ப்ராவிடன்ஸ், ஷார்லட் ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொண்டது. நான் மேலே சொன்ன இரண்டு பள்ளிகளும் லாப நோக்கமற்றவை. அரசுப் பல்கலைக்கழகங்களை அங்கீகரிக்கும் அதே தரத்து அமைப்புகள் அவற்றையும் அங்கீகரித்திருக்கின்றன. அந்த அங்கீகாரம் இல்லாத பள்ளியில் எடுத்த யூனிட் பெரும்பாலும் வேறெங்கும் செல்லாது. ஆறு மாதத்தில் செஃப் ஆக்குகிறோம் என்று விளம்பரம் பார்த்தால், முதலில் அங்கீகாரம் யாருடையது என்று கேளுங்கள்.

அரசுக் கட்டணத்தில் சமையல் பட்டமே கிடைக்காதா என்றால், கிடைக்கிறது, ஆனால் சில இடங்களில் மட்டும். லூசியானாவின் திபோடோவில் நிக்கல்ஸ் மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே செஃப் ஜான் ஃபோல்ஸ் பெயரில் 1994-ல் தொடங்கிய சமையல் கழகத்தில் நான்கு ஆண்டுப் பட்டமே கொடுக்கிறார்கள். கேஜன், க்ரியோல் சமையல் பிறந்த மண்ணிலேயே அதைப் படிக்கலாம். மிசிசிப்பி யூனிவர்சிட்டி ஃபார் விமனிலும் சமையல் பட்டம் உண்டு, ஆண்களும் சேரலாம். அந்த மாநிலங்களில் வசிப்பவர் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், நேரே போய்ச் சேரச் சொல்வேன். கலிஃபோர்னியாவிலிருந்து போவதென்றால் வெளிமாநிலக் கட்டணம், புது ஊர், புது வாடகை என்று கணக்கு மாறும். மெக்சிகோ வளைகுடா மீனையும் இறாலையும் வைத்தே வாழ்க்கையை அமைக்க ஆசைப்படுபவருக்கு அது தகும். எங்கள் பெண்ணுக்கு அந்த ஆசை இல்லை.

அடுத்தது ஹாஸ்பிட்டாலிட்டி மேனேஜ்மென்ட். அவள் முதலில் இதைக் கேட்டதும் முகம் சுளித்தாள். "ரிசப்ஷன்ல நிக்கற படிப்பு" என்று நினைத்திருந்தாள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் இந்தப் படிப்பில்தான் சமையலறையின் மறுபாதி இருக்கிறது.

ஒரு தட்டுக் கோழிக்கறிக்கு 4 டாலர் 20 சென்ட் பொருள் செலவாகிறது. 15 டாலருக்கு விற்றால் பொருள் செலவு 28 சதவீதம். கோழி விலை ஏறி அது 5 டாலர் 10 சென்ட் ஆனால் 34 சதவீதம். விலையைக் கூட்டுவதா, அளவைக் குறைப்பதா, மெனுவிலிருந்தே எடுப்பதா? ஞாயிறு மாலை நான்கு பேர் போதுமா, ஆறு பேர் வேண்டுமா? கூடுதல் நேரக் கூலிச் சட்டம் என்ன சொல்கிறது? குத்தகைப் பத்திரத்தில் புகைபோக்கி செலவு யார் தலையில்? நல்ல கைமணம் உள்ளவர்கள் திறந்த உணவகங்கள் இரண்டே ஆண்டில் மூடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாம்பாரில் குறை இல்லை, கணக்கில்தான் குறை. சமையலறை இதையெல்லாம் கற்றுத்தராது. தலைமைச் சமையல்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நேரமும் இருக்காது.

கலிஃபோர்னியாவில் இதற்குப் பெரிய பெயர், சிஎஸ்யூ வளாகங்களில் ஒன்றான கால் பாலி பொமோனாவின் காலின்ஸ் கல்லூரி. அங்கே குன்றின்மேல் கெல்லாக் ரான்ச் உணவகத்தை மாணவர்களே நடத்துகிறார்கள். சமைப்பதும் பரிமாறுவதும் கணக்கு முடிப்பதும் எல்லாம் பாடத்தின் பகுதி. வளைகுடாப் பகுதியிலேயே சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டிலும் சான் ஹோசே ஸ்டேட்டிலும் ஹாஸ்பிட்டாலிட்டி பட்டம் உண்டு. வீட்டிலிருந்தே ரயிலில் போய்வரலாம். இந்தச் சலுகையைச் சின்னதாக நினைக்காதீர்கள், இங்கே வாடகைதான் கல்விக் கட்டணத்தைவிடப் பெரியது. பக்கத்து மாநிலத்தில் யூனிவர்சிட்டி ஆஃப் நெவாடா, லாஸ் வேகஸ் இருக்கிறது. சூதாட்ட விடுதிகளின் பிரம்மாண்டமான விருந்துச் சமையலறைகள் அதன் வாசலிலேயே இருக்கின்றன.

இந்த வழியின் விலையையும் எழுதிவிடுகிறேன். 'டி' பட்டத்துக்கு அவளுக்கு இன்னும் ஏறக்குறைய 30 யூனிட் தேவை. பொதுப் பாடங்கள், புள்ளியியல், கணக்கியல். அடிப்படைச் சமையல், உணவுப் பாதுகாப்பு ஆகிய வகுப்புகளை ஏற்கெனவே முடித்திருப்பதால் அவை சேரும். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 2012-லிருந்து இதே விலைதான். 30 யூனிட்டுக்கு 1,380 டாலர். அப்புறம் சிஎஸ்யூவில் இரண்டு ஆண்டு. 2025-26-க்கான அடிப்படைக் கட்டணம் 6,450 டாலர், ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏறிக்கொண்டு வருகிறது. வளாகக் கட்டணம் தனி. எல்லாம் சேர்ந்தாலும் தனியார் பள்ளியின் ஓராண்டுக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். வருமானம் குறைவான குடும்பம் என்றால் மத்திய அரசின் பெல் உதவித்தொகை 2025-26-ல் அதிகபட்சம் 7,395 டாலர். சிஎஸ்யூ அடிப்படைக் கட்டணம் அதிலேயே முடிந்துவிடும். பெல் மொத்தம் 12 செமஸ்டருக்குத்தான் என்பதை மறக்கக் கூடாது. கம்யூனிட்டி காலேஜில் வீணாக்கும் செமஸ்டரும் அந்தக் கணக்கில் கழியும்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை ஒரு ஆண்டு. தோழிகள் மூன்றாம் ஆண்டுக்குப் போகும்போது இவள் கம்யூனிட்டி காலேஜிலேயே உட்கார்ந்து புள்ளியியல் படிக்க வேண்டும். இருபது வயதில் ஒரு ஆண்டு பெரிய மலையாகத் தெரியும். ஆனால் அந்த ஆண்டில் வார இறுதிகளில் வேலை செய்யலாம், சம்பளம் வரும், லைனில் கை இன்னும் வேகமாகும்.

மூன்றாவது வழியை அவள் தானாக யோசிக்கவில்லை. பேச்சுக்கு நடுவே, ரொட்டி மாவில் உப்பைக் கூட்டினால் ஏன் மெதுவாகப் பொங்குகிறது, பசுமஞ்சள் ஏன் சோடாவில் சிவக்கிறது என்று அரை மணி நேரம் பேசினாள். கண்ணில் வேறு வெளிச்சம். அப்போதுதான் உணவு அறிவியலைப் பற்றிச் சொன்னேன். யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) டேவிஸ், கால் பாலி சான் லூயிஸ் ஓபிஸ்போ ஆகியவை இதில் நல்ல இடங்கள். பெரிய உணவு நிறுவனங்களின் ஆய்வுக்கூடச் சமையலறைகளில் புதிய சாஸ், புதிய உறைபனி உணவு உருவாக்கும் வேலை. பகல் நேரம், வார இறுதி விடுப்பு, நல்ல சம்பளம். செஃப் கையும் அறிவியல் மூளையும் ஒன்றாக உள்ளவரை இந்தத் துறை தேடிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கலவைக்குக் கலினாலஜி என்று பெயரே வைத்துவிட்டார்கள். கிழக்குக் கரையில் ஃபிலடெல்ஃபியாவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகமும் கலினரி இன்ஸ்டிட்யூட்டும் சமையலையும் அறிவியலையும் சேர்த்துப் பட்டம் தருகின்றன.

இதன் வாசல்படிதான் உயரம். டேவிஸுக்கு மாற வேதியியல், கரிம வேதியியல், உயிரியல், இயற்பியல், கால்குலஸ் என்று வரிசையாக முடிக்க வேண்டும். அவளுடைய 33 சமையலறை யூனிட் இங்கே அநேகமாக எதற்கும் உதவாது. ஒரு ஆண்டு போதாது, இரண்டு ஆண்டு ஆகும். முடித்தால் டேவிஸ் உள்ளிட்ட ஆறு யூசி வளாகங்கள் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு இட உறுதித் திட்டம் வைத்திருக்கின்றன. செப்டம்பர் மாதத்திலேயே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். நிபந்தனைகள் பாடப்பிரிவுக்குப் பிரிவு மாறும். வேதியியலை ரசிப்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வேதியியலைக் கண்டு நடுங்குபவரை இதில் தள்ளுவது பாவம்.

அக்கா சொன்ன நியூட்ரிஷன் வழிக்கும் இதே அறிவியல் பாடங்கள் வேண்டும். அதோடு, பதிவு பெற்ற டயட்டீஷியன் தேர்வை எழுத 2024 ஜனவரியிலிருந்து முதுகலைப் பட்டம் கட்டாயம். மருத்துவமனை வேலையில் உண்மையான விருப்பம் இருந்தால் போகலாம். சமையலறைக்குப் பதில் சொந்தக்காரர்களிடம் சொல்ல மரியாதையான பெயர் வேண்டும் என்பதற்காக ஆறு ஆண்டு படிக்க முடியாது.

அக்காவிடமும் பேசினேன். "டேய், நம்ம வீட்ல யாருடா சமையலுக்குக் காலேஜ் போனாங்க? ஊர்ல கேட்டா கேட்டரிங்னு சொல்லணுமா?" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னாள். நியூயார்க்கின் செம்ம உணவகத்தில் தலைமை வகிக்கும் விஜய் குமாரைப் பற்றிச் சொன்னேன். திண்டுக்கல் மாவட்டம் நத்தத்துக்காரர், திருச்சியில் அரசு நிறுவனத்தில் இதே கேட்டரிங் படித்தவர். நத்தை பிரட்டலை மிஷலின் நட்சத்திரம் வாங்கிய உணவகத்தின் மேசைக்குக் கொண்டுவந்தார். 2025-ல் அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதை வேட்டி கட்டிக்கொண்டு வாங்கினார். அக்கா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் விஜய் குமார் ஆக முடியாதுதான். அவரும் பல ஆண்டு ஹோட்டல், கப்பல், சான் ஃபிரான்சிஸ்கோ என்று லைனில் நின்றே அந்த இடத்துக்கு வந்தார்.

அப்படியானால் பட்டமே வேண்டாமா? இதுவும் ஒரு வழிதான், இதை மதிப்போடு சொல்ல வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, தலைமைச் சமையல்காரர் வேலைக்குப் பொதுவான நுழைவுத் தகுதி உயர்நிலைப் பள்ளி என்றே எழுதியிருக்கிறது. 2024 மே மாதக் கணக்கில் அந்த வேலையின் நடுத்தர ஆண்டு வருமானம் சுமார் 61,000 டாலர். உணவு சேவை மேலாளருக்கு சுமார் 65,000. இரண்டு ஆண்டுப் பட்டத்தோடு நல்ல சமையலறை ஒன்றில் சேர்ந்து, ஐந்து ஆண்டில் சூ ஷெஃப் (தலைமைச் சமையல்காரருக்கு அடுத்த இடம்) ஆனவர்களை எனக்குத் தெரியும். 1929-ல் தொடங்கிய அமெரிக்கன் கலினரி ஃபெடரேஷன் படிப்படியாகச் சான்றிதழ்கள் தருகிறது. வேலை பார்த்துக்கொண்டே அவற்றை வாங்கலாம். இருபத்தைந்து வயதுக்குள் பெரிய உணவகங்களின் லைனில் நின்றுவிட வேண்டும் என்ற வெறி இருப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். கடன் இல்லாமல் இருபத்தைந்தில் சூ ஷெஃப் ஆவது நல்ல வாழ்க்கை. எனக்கு இருக்கும் கவலை உடம்பைப் பற்றியது. பத்து மணி நேரம் நின்றே செய்யும் வேலை. என் முழங்கால் முப்பத்தெட்டில் மருத்துவர் முன் உட்கார வைத்தது. அன்று லைனைவிட்டு மெனு விலைக் கணக்குக்கு மாற முடிந்தது, கையில் பட்டம் இருந்ததால்தான்.

வேறு மாநிலங்களில் இருப்பவர்களுக்கும் ஓரிரு வார்த்தை. நியூயார்க் நகரத்தில் கிங்ஸ்பரோ கம்யூனிட்டி காலேஜில் சமையல் முடித்துவிட்டு, அதே நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டி டெக்கில் ஹாஸ்பிட்டாலிட்டி பட்டத்துக்கு மாறலாம். சியாட்டில்காரர்களுக்கு சவுத் சியாட்டில் காலேஜே நான்கு ஆண்டுப் பட்டம் தருகிறது. வேலைக்கான இரண்டு ஆண்டுப் பட்டத்தின் மேலேயே கட்டப்படும் பட்டம் அது, சமையலறை யூனிட் வீணாகாது. இப்படி ஒன்று உங்கள் மாநிலத்தில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் வந்தவர்களுக்குக் கணக்கே வேறு. யூனிட்டுக்கு 46 டாலர் அவர்களுக்கு இல்லை, அதைவிடப் பல மடங்கு. படிப்பு முடிந்தபின் வேலை அனுமதி 12 மாதம். உணவு அறிவியல் பட்டம் என்றால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். சமையல், ஹாஸ்பிட்டாலிட்டி பட்டங்களுக்கு அந்த நீட்டிப்பை எதிர்பார்க்க வேண்டாம். சமையல்காரர் வேலைக்குப் பட்டம் கட்டாயமில்லை என்பதால் எச்1பி வேலை விசா கிடைப்பதும் மிகக் கடினம். இதைத் தெரிந்துகொண்டு விமானம் ஏற வேண்டும்.

எல்லாம் சொன்னபிறகு, "நீங்க என்ன சொல்றீங்க மாமா?" என்று கேட்டாள். சமைக்கக் கற்றுக்கொள்ள ஏற்கெனவே ஒன்றரை ஆண்டு கொடுத்துவிட்டாய், அதையே பல மடங்கு விலை கொடுத்து மறுபடியும் வாங்காதே என்றேன். பல்கலைக்கழகத்துக்குப் போவதென்றால் சமையலறையில் கிடைக்காததை வாங்கப் போ. அது கணக்காக இருந்தால் பொமோனா, வேதியியலாக இருந்தால் டேவிஸ். நான் பொமோனா பக்கம் சாய்கிறேன். அவள் கடைசியில் சொந்தமாக ஒரு இடம் திறக்க ஆசைப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். தனியார் பள்ளி முக்கால்வாசிச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டு கடிதம் அனுப்பினால் அன்றைக்கு என் பேச்சை மாற்றிக்கொள்வேன், அதையும் சொன்னேன்.

மறுநாள் அவளோடு காலேஜ் கவுன்சலரைப் பார்க்கப் போனேன். அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் அவளுடைய ஒவ்வொரு வகுப்பும் பொமோனாவில் எதற்குச் சமம் என்று வரிசையாகப் பார்த்தோம். பதிலைப் பேச்சில் மட்டும் வாங்காமல் மின்னஞ்சலிலும் வாங்கிக்கொண்டாள். என் 14 யூனிட்டின் புண்ணியம். சிஎஸ்யூ விண்ணப்பம் அக்டோபர் முதல் தேதி திறக்கிறது. அதற்குள் கோடை வகுப்பில் புள்ளியியலையும் அறிமுக வேதியியலையும் ஒன்றாக எடுத்திருக்கிறாள். வேதியியல் பிடித்துவிட்டால் டேவிஸ் பேச்சு மறுபடி எழும். காலை எட்டு மணிக்கு ஆய்வுக்கூடம், மாலை நான்கு மணிக்கு ப்ரெப் வேலை. இரண்டுக்கும் ஒரே ஏப்ரன் போதுமா என்று நேற்று கேட்டாள். ஆய்வுக்கூடத்துக்கு வேறு வாங்கச் சொன்னேன்.